இரவுப் பணியில் இருப்பவரிடம் கேளுங்கள்

(மருத்துவமனை நிர்வாகிகள், செவிலியர்கள், பாதுகாப்பு அலுவலர்கள் கூடிய கருத்தரங்கில், செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பணியிடப் பாதுகாப்பு என்று தலைப்புக் கொடுத்து அழைத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பு என்றாலே பேச்சு கேமராவில்தான் தொடங்கும். எந்த வாசலில் எத்தனை கேமரா, மெட்டல் டிடெக்டர் எங்கே, ஒப்பந்தம் எந்த ஏஜென்சிக்கு என்று போகும். அவற்றைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் இரண்டு அறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதல் அறை, மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்தது. 1973 நவம்பர் 27. செவிலியர் அருணா ஷான்பாக் பணி முடிந்து உடை மாற்றிக்கொள்ள அங்கே போனார். அவரைத் தாக்கியவன் சுவரேறிக் குதித்து வந்த வெளியாள் இல்லை. அதே மருத்துவமனையின் ஊழியன். வேலை விஷயமாக அருணா கண்டித்ததை மனத்தில் வைத்துக்கொண்டிருந்தவன். நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்ததில் மூளைக்கு ரத்த ஓட்டம் தடைபட்டு, அதன் பிறகு அருணா எழுந்திருக்கவே இல்லை. 2015 மே 18 அன்று உயிர் பிரியும் வரை, ஏறக்குறைய 42 ஆண்டுகள், அதே மருத்துவமனையில் படுக்கையில் கிடந்தார். அவரோடு வேலை பார்த்தவர்கள் ஓய்வுபெற்றுப் போக, அவரை நடமாடிப் பார்த்தே இராத அடுத்த தலைமுறைச் செவிலியர்கள் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, தங்கள் வீட்டுப் பெண்ணாகப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கவனிப்பை 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே பாராட்டியது.

இரண்டாவது அறை, கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கருத்தரங்கு அறை. 2024 ஆகஸ்ட் 9. நீண்ட பணிக்கு நடுவே, பின்னிரவில் கொஞ்சம் கண்ணயர அங்கே போன முதுநிலைப் பயிற்சி மருத்துவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். அடுத்த ஜனவரியில் ஆயுள் தண்டனை பெற்றவன், காவல் துறைக்கு உதவியாக அமர்த்தப்பட்டிருந்த சிவிக் வாலண்டியர். அந்த மருத்துவமனைக்குள் எந்நேரமும் வந்து போனவன். யாரும் அவனை நிறுத்தி ஏன் என்று கேட்டதில்லை.

இரண்டுக்கும் இடையே 51 ஆண்டுகள் இருக்கின்றன. இந்த இடைவெளியில் மருத்துவமனைகளுக்கு ஸ்கேன் வந்தது, கேமரா வந்தது, சீருடைக் காவலர்கள் வந்தார்கள். ஆனால் ஒரு பெண் பயமில்லாமல் உடை மாற்றிக்கொள்ள ஓர் அறை, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுக்க ஓர் அறை, இந்த இரண்டும் வரவேண்டிய இடங்களுக்கெல்லாம் வந்து சேரவில்லை. கொல்கத்தா சம்பவத்தைத் தானாக முன்வந்து விசாரித்த உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 20 அன்று பிறப்பித்த உத்தரவை நிர்வாகப் பொறுப்பில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். இரவுப் பணியாளர்களுக்கு ஓய்வறை இல்லை, 36 மணி நேரப் பணி, போதிய கழிப்பறை இல்லை, விடுதி தொலைவில் இருக்கிறது, போக வர வாகனம் இல்லை, வெளிச்சம் இல்லாத மூலைகள், நோயாளியோடு வருபவர்கள் தடையில்லாமல் எல்லா இடத்துக்கும் போகிறார்கள் என்று அதில் வரிசையாக வருகிறது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் கழிப்பறையையும் பல்பையும் பற்றி எழுத வேண்டியிருந்தது. அந்த வார்டுகளில் வேலை பார்த்த எந்தச் செவிலியருக்கும் இதில் ஒரு வரிகூடப் புதிய செய்தி இல்லை. அவர்களுக்கு எல்லாம் தெரியும். அவர்களிடம் கேட்டவர்தான் இல்லை.

நான் சொல்ல வந்ததும் இதுதான். ஆபத்து எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில், யாருக்கு என்று முதலில் கண்டுபிடித்துவிட்டு, அதன் பிறகுதான் பணத்தைச் செலவழிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க வெளியிலிருந்து ஆலோசகர் வர வேண்டியதில்லை. இரவுப் பணியில் இருக்கும் சிஸ்டரும், ஆயாம்மாவும், லேப் டெக்னீஷியனும் அதைத் தினமும் நடந்து கடந்துகொண்டிருக்கிறார்கள்.

நம் மருத்துவமனை வாசல்களைக் கொஞ்சம் பாருங்கள். ஷிப்ட் முடிந்து வெளியே போகிற தூய்மைப் பணியாளரின் பையைத் திறந்து பார்க்கிறோம். மருந்து போகிறதா, பெட்ஷீட் போகிறதா என்று பார்க்கிறோம். அதே வாசலில் உள்ளே வருகிறவரிடம் எந்த வார்டு, யாரைப் பார்க்க என்று கேட்பது ஒப்புக்குத்தான் நடக்கிறது. பொருளைக் காப்பதற்காக ஏற்படுத்திய காவலை, ஆளைக் காக்கிற காவல் என்று நாமே நம்பிக்கொண்டிருக்கிறோம். காவலர் தம்பிகளை நான் குறை சொல்லவில்லை. 12 மணி நேர டியூட்டி; ஆள் குறைந்தால் ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும் அவர்களே, ஆக்சிஜன் சிலிண்டர் உருட்டுவதும் அவர்களே. யாராவது கை ஓங்கினால் முதல் அடி அவர்களுக்குத்தான். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2005-இல் மத்தியச் சட்டம் வந்தது. மறு ஆண்டு வந்த மாதிரி விதிகள், புதிதாகச் சேரும் காவலருக்கு வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் பயிற்சி தர வேண்டும் என்றன. நேற்று ஊரிலிருந்து வந்தவருக்கு இன்று சட்டையும் தொப்பியும் கொடுத்து கேஷுவாலிட்டி வாசலில் நிறுத்துவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவரிடம் போய், பதறிக்கொண்டிருக்கும் ஐம்பது பேரைச் சமாளி என்றால் அவர் என்ன செய்வார்?

சரி, ஆபத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் கண்ட சிறந்த வழி நடப்பதுதான். பகலில் நடந்து பயனில்லை. இரவு இரண்டு மணிக்கு மேல் நடக்க வேண்டும். நிர்வாக அதிகாரி, கூட ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஓர் ஆயாம்மா, ஒரு காவலர். பிரசவ வார்டிலிருந்து ரத்த வங்கிக்கு ஒரு செவிலியர் எந்த வழியாகப் போவாரோ அதே வழியில், அவர் போகிற வேகத்தில் போங்கள். எந்த இடத்தில் அவர் தன்னை அறியாமல் நடையைக் கூட்டுகிறார் என்று பாருங்கள். அந்த இடத்தில் நின்று ஏன் என்று கேளுங்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் பல்பு போய் எத்தனை நாளாயிற்று? லிப்ட் ஆபரேட்டர் இரவில் உண்டா? பெண்கள் கழிப்பறை எந்த மாடியில், அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? மாடிக் கதவு பூட்டா, சும்மா சாத்தியிருக்கிறதா? இந்த வராண்டாவில் நின்று கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? கடைசிக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல விடாதீர்கள். ஒருவரை அங்கே நிறுத்திக் கூப்பிடச் சொல்லிப் பாருங்கள். கேமரா அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கேமராவின் திரை முன்னால் அந்நேரத்தில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். பிறகு நடந்ததைக் காட்டும் கருவி அது. நடக்கும்போது ஓடிவர ஆள் வேண்டும்.

இரண்டாவது வழி, ஒரு நோட்டு. மருத்துவமனையில் கை நீட்டினால்தான் சம்பவம் என்று கணக்கில் வரும். வாயில் வந்தபடி ஏசுவது, செல்போனை முகத்துக்கு நேரே நீட்டிப் படம் பிடிப்பது, வழி மறிப்பது, "வெளியே வா, பார்த்துக்கிறேன்" என்பது, இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிடுகிறோம். மூத்த செவிலியரே இளையவரிடம், "இதுக்கெல்லாம் அழுதா இந்த வேலை பார்க்க முடியாதும்மா" என்று சொல்லித்தான் பழக்குகிறார். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் பெரிய சம்பவத்துக்கு முன்னால் சின்னச் சம்பவங்கள் நடந்திருக்கும். அவற்றை எழுதி வைத்தால்தான் அவை கண்ணுக்குத் தெரியும். தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள். இவ்வளவு எழுதினால் போதும். எழுதினவரிடமே விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க மாட்டோம் என்று நிர்வாகம் வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கு மீறப்பட்டால் அடுத்த நாளே நோட்டு செத்துவிடும்.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் இப்படி ஒரு நோட்டு வைத்தோம். சில மாதங்கள் கழித்துப் புரட்டிப் பார்த்தால், நாங்கள் பயந்துகொண்டிருந்த கேஷுவாலிட்டியைவிட எக்ஸ்ரே அறை வாசல் அதிக முறை வந்திருந்தது. காரணம் தேடினோம். இரவில் ஒரே டெக்னீஷியன். ஐ.சி.யூ.வில் படம் எடுக்கக் கூப்பிட்டால் அறையைப் பூட்டிவிட்டு மாடிக்குப் போய்விடுவார். அதே நேரத்தில் விபத்தில் அடிபட்டவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு உறவினர்கள் வருவார்கள். கதவில் பூட்டு. எங்கே போனார், எப்போது வருவார் என்று சொல்ல ஆள் இல்லை. வலியில் முனகுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிற தகப்பனுக்கு என்ன தோன்றும்? அந்தப் பக்கமாகப் போகிற வெள்ளைச் சட்டை யாராக இருந்தாலும் அவர் மேல் பாய்வார். அங்கே காவலரை நிறுத்தலாம் என்று முதலில் ஒரு யோசனை வந்தது. கடைசியில் செய்தது வேறு. கேஷுவாலிட்டியிலிருந்து ஸ்ட்ரெச்சர் நகருவதற்கு முன் டெக்னீஷியனுக்குப் போன் செய்து, அவர் அறையில் இருக்கிறார் என்று தெரிந்த பிறகே அனுப்ப வேண்டும் என்று விதி வைத்தோம். அதன் பிறகு நோட்டில் எக்ஸ்ரே வாசல் வருவது நின்றுபோனது.

ஆபத்தை எடைபோட இரண்டு கேள்விகள் போதும். இது எத்தனை முறை நடக்கக்கூடும்? நடந்தால் எவ்வளவு பெரிய கேடு? அடிக்கடி நடப்பது ஏச்சு. அது ஆளை மெல்லத் தேய்க்கும். எப்போதோ நடப்பது கொலை. அதை ஒருமுறைகூட நடக்க விடக் கூடாது. இரண்டுக்கும் மருந்து வேறு. பணியிட வன்முறையை ஆராய்கிறவர்கள், வருகிறவன் யார் என்பதை வைத்து நான்கு வகையாகப் பிரிப்பார்கள். திருடவோ கொள்ளையடிக்கவோ வரும் அந்நியன், சேவை பெற வந்த நோயாளியோ உறவினரோ, உடன் வேலை பார்ப்பவர், பணியாளரின் சொந்த வாழ்க்கையிலிருந்து தேடி வரும் ஆள். நம் காவல் ஏற்பாடு பெரும்பாலும் முதல் வகையை நினைத்தே போடப்பட்டது. மருத்துவமனையில் நடப்பதோ பெரும்பாலும் இரண்டாவது வகை. அருணாவுக்கு நடந்தது மூன்றாவது வகை.

நான்காவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிரிந்து வாழும் கணவன் குடித்துவிட்டு வந்து, மனைவி எந்த ஷிப்ட் என்று ரிசப்ஷனில் கேட்பான். கணவன் என்றால் நாமும் சொல்லிவிடுகிறோம். எங்கள் செவிலியர் ஒருவருக்கு இப்படி நேர்ந்தது. அவரைத் தனியாக உட்காரவைத்து, அவர் சம்மதத்தோடு சில காரியங்கள் செய்தோம். டியூட்டி லிஸ்டைச் சுவரிலிருந்து எடுத்தோம். போனில் யார் கேட்டாலும் ஷிப்ட் விவரம் சொல்வதில்லை என்று எல்லோருக்குமே பொதுவிதியாக்கினோம். அவர் போக வர வேறு வாசலை ஏற்பாடு செய்தோம். அந்த ஆளின் போட்டோவைக் காவலர்களிடம் மட்டும் காட்டினோம். செலவு என்று எதுவும் இல்லை. "அது அவங்க குடும்ப விஷயம் சிஸ்டர், நமக்கெதுக்கு" என்று சொன்ன மேலதிகாரியைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய வேலை.

இப்போது கொட்டாரக்கரைக்கு வருகிறேன். 2023 மே 10, அதிகாலை. கேரளத்தில் கொல்லம் மாவட்டத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனை. போலீசார் ஒருவரைச் சிகிச்சைக்கு அழைத்து வருகிறார்கள். காலில் காயம். கட்டுப் போடுகிற அறையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து அவர் கண்ணில் பட்டவர்களையெல்லாம் குத்துகிறார். மற்றவர்கள் தப்பி ஓட, இளம் பயிற்சி மருத்துவர் ஒருவர் மட்டும் அவரிடம் சிக்கி, குத்துப்பட்டு உயிரிழந்தார். அன்று அங்கே போலீஸ் இருந்தது. வெளியிலிருந்து யாரும் ஆயுதம் கொண்டுவரவில்லை. வாசலில் எவ்வளவு உயர்ந்த மெட்டல் டிடெக்டர் வைத்திருந்தாலும் அந்தக் கத்தரிக்கோலைத் தடுத்திருக்காது, அது வாசலுக்கு உள்ளேதான் இருந்தது. சில நாட்களில் கேரள அரசு தண்டனையைக் கடுமையாக்கி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அது தேவைதான். ஆனால் நம் ஒவ்வொருவரின் டிரெஸ்ஸிங் அறையிலும் கேட்க வேண்டிய கேள்விகள் சட்டப் புத்தகத்தில் இல்லை. கருவித் தட்டு நோயாளியின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? அறைக்கு வெளியேற இரண்டாவது வழி உண்டா? நிதானத்தில் இல்லாதவரைப் போலீஸ் கொண்டுவரும்போது, அவர்கள் கட்டிலுக்கு அருகில் நிற்க வேண்டுமா, வராண்டாவில் நிற்கலாமா? இதை உள்ளூர்க் காவல் ஆய்வாளரோடு உட்கார்ந்து எழுத்தில் முடிவு செய்திருக்கிறோமா? அனுபவம் குறைந்த பயிற்சி மருத்துவர் தனியாக இருக்கும் நேரத்தில், அவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய மூத்தவர் யார்?

2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் தம் அறையிலேயே கத்திக்குத்துக்கு ஆளானதும் உங்களுக்குத் தெரியும். நல்ல வேளையாக உயிர் பிழைத்தார். குத்தியவர் அங்கே சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் மகன். தாய்க்குத் தந்த சிகிச்சையில் குறை என்று மனத்தில் கோபத்தை வளர்த்து வைத்திருந்தவர். அதன் பிறகு வாசலில் சோதனையைக் கூட்டினோம். கூட்டத்தான் வேண்டும், அங்கே கத்தி வெளியிலிருந்து வந்தது. இன்னொன்றையும் சேர்த்து யோசிக்கச் சொல்கிறேன். சிகிச்சையில் குறை இருக்கிறது என்று நினைக்கிற ஒருவர், நம் மருத்துவமனையில் யாரிடம் போய்ச் சொல்வது? அவர் பேச்சைப் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் இருக்கிறாரா? அப்படி ஒரு மேசை இருந்தால் எல்லாக் கத்தியும் கீழே விழுந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கோபத்தோடு மூன்றாவது முறையாக வந்து போகிறவர் யார் என்பது அந்த மேசைக்கு முன்கூட்டியே தெரியவரும். மருத்துவரை எச்சரிக்கலாம். வேறொரு மூத்த மருத்துவரை விட்டு அந்தக் குடும்பத்தோடு பேச வைக்கலாம். ஆலோசனை அறையில் மருத்துவரின் நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்திலும், வருகிறவரின் நாற்காலியை உள்பக்கத்திலும் போடுங்கள். நம் ஓ.பி. அறைகளில் நேர் எதிராகத்தான் போட்டிருக்கிறோம்: மருத்துவருக்குப் பின்னால் சுவர், முன்னால் மேசை, வழியை மறித்துக்கொண்டு எதிரில் ஆள். அபாய மணியின் பொத்தான் மேசைக்கு அடியில் கைக்கெட்ட வேண்டும். அது அடித்தால் யார் யார் ஓடிவர வேண்டும் என்று பெயர் போட்டு எழுதி, மாதம் ஒருமுறை அடித்துப் பார்க்க வேண்டும்.

மருத்துவமனையில் கைகலப்பு எப்போது வரும் என்று அனுபவப்பட்ட எந்தச் செவிலியரும் முன்னாலேயே சொல்லிவிடுவார். அந்த நேரங்களில் முதன்மையானது மரணத்தைச் சொல்லும் நேரம். நாம் அதை எப்படிச் சொல்கிறோம்? ஐ.சி.யூ. கதவை அரைவாசி திறந்து, இருபது பேர் நிற்கிற வராண்டாவில், அந்த அறையிலேயே வயதில் இளைய மருத்துவரை அனுப்பி, நின்றபடி சொல்ல வைக்கிறோம். அதுவரை மணிக்கணக்கில் அவர்களுக்கு ஒரு தகவலும் போயிருக்காது. கொஞ்ச நேரம் முன்பு ஒரு மருந்துச் சீட்டைக் கொடுத்து வாங்கி வரச் சொல்லியிருப்போம். அதை வாங்கிக்கொண்டு ஓடிவந்த மகனிடம், அம்மா போய்விட்டார் என்கிறோம். கையில் மருந்துக் கவர் இருக்கிறது. அடுத்த வார்த்தையிலேயே பில் கவுண்டரைக் காட்டுகிறோம். இந்த நேரத்தில் வாசலில் பத்து பவுன்சர்களை நிறுத்தினால் ஏற்கெனவே பற்றி எரிகிறதில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

இதை மாற்றிச் செய்யலாம். நிலைமை மோசமாகிறது என்றால் அதை முன்னாலேயே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரே மருத்துவர் ஒரே உறவினரிடம் சொல்லிக்கொண்டு வர வேண்டும். வார்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அறை, நாலு நாற்காலி, குடிக்கத் தண்ணீர். மூத்த மருத்துவர் வந்து உட்கார்ந்து சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒரு செவிலியர் இருக்க வேண்டும். சொல்லி முடித்ததும் எழுந்து ஓடிவிடாமல் அவர்கள் அழுகிற வரைக்கும் கூட இருக்க வேண்டும். முகம் பார்க்க விட வேண்டும். பில்லைப் பற்றிய பேச்சை வேறொருவர், வேறு நேரத்தில் பேச வேண்டும். காவலர் பார்வையில் படாமல், கூப்பிட்டால் வருகிற தூரத்தில் நிற்க வேண்டும். இதை மனிதாபிமானம் என்று மட்டும் நினைத்து மத்தியானச் சொற்பொழிவோடு விட்டுவிடாதீர்கள். இது பாதுகாப்புத் திட்டத்தின் ஒரு பகுதி. அந்த நாலு நாற்காலிக்கான செலவைப் பாதுகாப்பு பட்ஜெட்டிலேயே எழுதுங்கள்.

சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவப் பணியாளர்களையும் நிறுவனங்களையும் தாக்குவதைத் தடுக்க 2008-லிருந்தே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், மத்திய அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி, பெருங்காயம் ஏற்படுத்தும் தாக்குதலுக்கு ஏழாண்டு வரை சிறை என்றது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்கள் குழுவின் உறுப்பினர்கள் யார் என்று ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் குழு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் கொண்டுவந்த 190-ஆவது உடன்படிக்கை, வேலைக்குப் போகும் வழியையும் திரும்பும் வழியையும் சேர்த்தே பணியிடமாகப் பார்க்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. நம் மருத்துவமனை வேனை இரவு ஷிப்ட் முடியும் நேரத்தில் ஓட்டுவதற்கு அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி நான் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. பாதுகாப்புக்காக எடுக்கும் நடவடிக்கையே ஆளைக் கொல்லும். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரயாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. வேலை முடிந்து போகிறவர்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடாமல் பையைச் சோதிக்க வசதியாக, ஒரு பக்கத்துக் கதவைப் பூட்டி வைப்பது அங்கே வழக்கம். ஒன்பதாவது மாடியில் அந்தக் கதவு அன்றும் திறக்கவில்லை. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். நூறு ஆண்டு கழித்து, 2011 டிசம்பர் 9 விடியலுக்கு முன், கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. கார் நிறுத்த வேண்டிய இடத்தில் எரியும் பொருள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். புகை மேலே ஏறி ஏறத்தாழ 90 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். உதவ ஓடிவந்த பக்கத்துக் குடியிருப்பு மக்களை வாசல் காவலர்கள் முதலில் திருப்பி அனுப்பினார்கள் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. அந்தக் கட்டடத்தில் பணியிலிருந்த இரண்டு இளம் மலையாளச் செவிலியர்கள் எட்டு நோயாளிகளைக் காப்பாற்றிவிட்டு, ஒன்பதாவது ஆளைக் கொண்டுவரும் முயற்சியில் உயிரை விட்டார்கள். அவர்களைவிட உயர்ந்தவர்களை எங்கள் தொழிலில் நான் காணவில்லை.

ஆகவே வார்டு வாசலில் கொலாப்சிபிள் கேட்டைப் போட்டு இரவில் பூட்டுகிற நிர்வாகிகள் அனைவரிடமும் கேட்கிறேன். சாவி யாரிடம் இருக்கிறது? அவர் டீ குடிக்கப் போயிருக்கும்போது தீ வந்தால்? வெளியே இருந்து திறக்க முடியாத, உள்ளே இருந்து தள்ளினால் திறந்துகொள்கிற கதவுகள் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றைப் போடுங்கள். எந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தாலும், இதனால் யாருக்குப் புதிதாக ஆபத்து வருகிறது என்று ஒருமுறை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பூட்டு என்று கதவை மட்டும் நான் சொல்லவில்லை. ஆர்.ஜி. கர் சம்பவத்துக்குப் பிறகு மேற்கு வங்க அரசு, கூடியவரை பெண்களுக்கு இரவுப் பணியைத் தவிர்க்கலாம் என்று அறிவுறுத்தியது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெண்கள் சலுகை கேட்கவில்லை, பாதுகாப்புக் கொடுப்பது உங்கள் கடமை என்றது. எனக்கு அதைப் படித்தபோது நெஞ்சு நிறைந்தது. எங்கள் தொழிலில் பெண்கள்தான் பெரும்பான்மை. இரவுப் பணியிலிருந்து பெண்களை எடுத்துவிட்டால் அடுத்த நாள் காலையில் நோயாளிகளில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். ஆபத்தை அகற்றுவதற்குப் பதிலாக, ஆபத்துக்கு ஆளாகிறவரை அகற்றுகிற யோசனையை எந்தப் பெயரில் கொண்டுவந்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முப்பது படுக்கை நர்ஸிங் ஹோம் நடத்துகிறவர்கள், எங்களால் இதெல்லாம் முடியுமா என்று கேட்பீர்கள். உங்களால்தான் சீக்கிரம் முடியும். உங்கள் கட்டடத்தை ஒரே இரவில் நடந்து முடித்துவிடலாம். இரவில் ஒரே செவிலியர் தனியாக இருக்கும்படி டியூட்டி போடாதீர்கள். இரண்டாவது ஆள் ஆயாம்மாவாக இருந்தாலும் சரி. மருத்துவர் வீட்டிலிருந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நோயாளியின் உறவினர்களிடம் உண்மையாகச் சொல்லிவிடுங்கள். "இதோ வந்துட்டார்" என்று மூன்று முறை சொல்ல வைத்து அந்தச் செவிலியரை மாட்டிவிடாதீர்கள். செலவுக் கணக்கை அட்மிஷன் நாளிலேயே எழுதிக் கொடுத்து, கூடும்போது அன்றன்றைக்கே சொல்லுங்கள். ஓய்வறைக்கு உள்தாழ்ப்பாள் போடுங்கள்.

பெரிய மருத்துவமனைகளில் பாதுகாப்புக் குழு ஏற்கெனவே இருக்கும். டீன், நிலைய மருத்துவ அலுவலர் (ஆர்.எம்.ஓ.), பொறியாளர், காவல் துறைப் பிரதிநிதி. அவர்கள் வேண்டும்தான். அவர்களோடு இரவு ஷிப்ட் செவிலியர் ஒருவர், பயிற்சி மருத்துவர் ஒருவர், தூய்மைப் பணியாளர் ஒருவர், வாசலில் நிற்கும் காவலர் ஒருவர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பெயருக்குச் சேர்க்காமல், முடிவெடுக்கும்போது அவர்களுக்கும் ஒரு வாக்கு உண்டு என்று எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது, காவலரின் பயிற்சிச் சான்றிதழும், எட்டு மணி நேர ஷிப்டும், அவருக்கு அடிபட்டால் சிகிச்சைச் செலவை ஏற்பதும் அந்தக் காகிதத்தில் இருக்கட்டும். குழுவின் கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு ஏ.சி. அறையில் வைத்தால் இரவுப் பணியாளர்கள் தூக்கத்தை விட்டு வர வேண்டியிருக்கும், அல்லது வரவே மாட்டார்கள். முதல் கூட்டத்தை இரவு பத்து மணிக்கு, ஷிப்ட் ஒப்படைப்பு முடிந்த பிறகு, கேஷுவாலிட்டிக்குப் பக்கத்து அறையில் வையுங்கள். டீன் அங்கே போகட்டும்.